மனசு தெளியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நாலைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். நாலும் பிள்ளை பெற்றவர்கள் எழுதியவை. நாலு பேருமே ‘இதை யாரிடமும் சொன்னதில்லை’ என்று ஏதோ ஒரு இடத்தில் எழுதியிருக்கிறார்கள். அதனால் பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: பெரியவனுக்கு நாலு வயது, சின்னவளுக்கு ஒன்பது மாதம். கொஞ்ச நாளாகக் காலையில் கண் விழிக்கும்போதே களைப்பாக இருக்கிறது. பிள்ளைகள் சிரித்தால்கூட எனக்குள் ஒன்றும் அசைவதில்லை. முன்பு பிடித்த எதிலும் இப்போது ஆசை இல்லை. மனசு மட்டும் கொஞ்சம் தெளிந்துவிட்டால் எல்லாவற்றையும் பழையபடி செய்துவிடுவேன். மாத்திரை இல்லாமல், இயற்கையாகவே மனசைத் தூக்கி நிறுத்த வழி உண்டா அக்கா? (வாசகி, 31 வயது)

பதில்: அன்புத் தங்கைக்கு, ‘மனசு மட்டும் கொஞ்சம் தெளிந்துவிட்டால்’ என்று நீங்கள் எழுதிய வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். என் இரண்டாவது குழந்தை பிறந்த வருடம் நானும் இதையேதான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். துவைத்துக் காய்ந்த துணி ஒரு நாற்காலியில் மூன்று நாளாகக் குவிந்து கிடந்தது. மடிக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் கை போகவில்லை. மூன்றாம் நாள் காலை, அப்போது நாலு வயதான என் மூத்தவன் அந்தக் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி, தன் சட்டையைக் கண்டுபிடித்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். சட்டையின் உள்பக்கம் வெளியே இருந்தது. தோளில் தையல் பிரி தெரிந்தது, கழுத்துக்குக் கீழே அளவு அச்சடித்த துண்டுத்துணி துருத்திக்கொண்டு நின்றது. “நானே போட்டுக்கிட்டேம்மா, நீ படுத்துக்கோ” என்றான்.

எழுந்து அதைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டேன். எழுந்தது எழுந்தாயிற்று என்று நாற்காலியிலிருந்து அஞ்சு துணியை எடுத்து மடித்தேன். அவ்வளவுதான் முடிந்தது, மீதி அப்படியே கிடந்தது. ஆனாலும் அன்று மத்தியானம் நெஞ்சில் இருந்த பாரம் ஒரு இம்மி நகர்ந்திருந்தது. எனக்கு அது அப்போது புரியவில்லை. பின்னால் ஆலோசகராகப் பயிற்சி எடுத்தபோதுதான் விளங்கியது. பீட்டர் லெவின்சோன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களிலேயே இதை எழுதியிருக்கிறார். மனம் தாழும்போது நாம் ஒவ்வொரு வேலையாக விடுகிறோம். விட விட, நமக்குச் சின்னச் சின்ன நிறைவைத் தந்தவையும் போய்விடுகின்றன. அதனால் மனம் இன்னும் தாழ்கிறது. இந்தச் சுழலை மனசின் பக்கமிருந்து உடைப்பது கஷ்டம், கையின் பக்கமிருந்து உடைப்பது கொஞ்சம் சுலபம். செயல் முன்னால் போகட்டும், மனசு பின்னால் வரும். வர நாளாகலாம். முதல் வாரம் ஒன்றுமே தெரியாமல்கூட இருக்கலாம், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஒன்பது மாதக் குழந்தையை வைத்திருப்பவரிடம் ‘எழுந்து வேலை செய்யுங்கள்’ என்று சொன்னால் அது கொடுமை. முதலில் உங்களுக்கு வேண்டியது தூக்கம். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும் என்பார்கள். இந்தக் கட்டத்தில் அது நடக்காது, எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றே ஒன்று: நடுவில் யாரும் எழுப்பாத அஞ்சு மணி நேரம். அரை மணி, முக்கால் மணி என்று துண்டு துண்டாகச் சேர்த்த எட்டு மணி நேரத்தைவிட ஒரே மூச்சாகத் தூங்கும் அஞ்சு மணி நேரம் உடம்புக்கு நல்லது. என் வீட்டில் இரவை இரண்டாகப் பிரித்தோம். ராத்திரி ஒன்பதிலிருந்து இரண்டு வரை குழந்தை அவர் பொறுப்பு, இரண்டிலிருந்து ஏழு வரை என் பொறுப்பு. பொறுப்பில்லாதவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர் என்றால் எடுத்து வைத்த பாலை அவர் கொடுக்கட்டும். அது முடியாவிட்டால் பசிக்கு மட்டும் குழந்தையை உங்களிடம் கொண்டுவந்து, குடித்து முடித்ததும் அவரே தூக்கிக்கொண்டு போகட்டும். ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தட்டுவது எல்லாம் அவருடையது. தினமும் முடியாதா? வாரத்தில் மூன்று ராத்திரி போதும். கணவர் இல்லாத வீடு என்றால் அம்மாவோ அக்காவோ தோழியோ, யாரிடமாவது வாய்விட்டுக் கேளுங்கள். ‘உதவி வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. ‘வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து இரண்டு மணி வரை பாப்பாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா’ என்று கேட்டால் தெரியும்.

இன்னொன்று, களைப்பு தாங்காமல் சாயங்காலம் காபி குடிக்கிறீர்களா? கஃபீனில் பாதி கழிவதற்கே ஏறக்குறைய 5 மணி நேரமாகும். நாலு மணிக்குக் குடித்ததில் பாதி ஒன்பது மணிக்கு நீங்கள் படுக்கும்போதும் உடம்பில் இருக்கும். மத்தியானத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

அடுத்தது வெளிச்சம். நம் கண்ணுக்குள், உருவத்தைப் பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தை அளந்து மூளையில் உள்ள உடல்கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. காலையில் அவற்றுக்கு நல்ல வெளிச்சம் கிடைத்தால் அந்தக் கடிகாரம் சரியாக ஓடும், ராத்திரி தூக்கமும் நேரத்துக்கு வரும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; விளக்கு நன்றாக எரியும் அறைக்குள்ளேயே 300, 500 லக்ஸ்தான் இருக்கும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் உண்டு. நாள் முழுக்கக் கைக்குழந்தையோடு வீட்டுக்குள் இருக்கும் தாய் கிட்டத்தட்ட நிழலிலேயே வாழ்கிறாள். அதனால் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். தலை வாராமல், போட்ட உடையோடு வந்தால் போதும். இருபது நிமிடம் நில்லுங்கள், முடிந்தால் நடங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட நடை மாதிரியான மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாகச் சேர்ந்தாலும் கணக்குத்தான். ஒன்றுமே செய்யாமல் இருப்பதிலிருந்து கொஞ்சம் செய்வதற்கு நகர்வதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

அப்புறம், உங்கள் கடிதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் படம் வரைவீர்கள் என்று ஒரு வரி வந்து போகிறது. இன்று ராத்திரி ஒரு பென்சிலையும் தாளையும் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். நாளைக்கு ஒரே ஒரு பொருளை, உங்கள் மகளின் பால் புட்டியையே, மூன்று நிமிடம் வரையுங்கள். நன்றாக வர வேண்டாம். செய்து முடித்ததும் மனசு எப்படி இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்றாக இருந்தாலும் குறியுங்கள். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் எந்த வேலை உங்களை ஒரு புள்ளியாவது தூக்குகிறது என்று உங்கள் கையெழுத்தே சொல்லும்.

இதையெல்லாம் தொடங்கும் அதே வாரம் டாக்டரையும் பாருங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன். ரத்தசோகை இருந்தாலும் இதே களைப்பு, இதே வெறுமை வரும். பிரசவமான முதல் வருடத்தில் சிலருக்குத் தைராய்டு சுரப்பி தற்காலிகமாக மந்தமாகிவிடும். அது பெரும்பாலும் நாலாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதத்துக்குள் தலைகாட்டும். அதை நடைப்பயிற்சியால் சரிசெய்ய முடியாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிரசவம் ஆன சில நாட்களில் வரும் அழுகையும் படபடப்பும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதைத் தாண்டியும் பெரும்பாலான நாட்கள் இப்படியே இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம், டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை வேண்டாம் என்கிறீர்கள், சரி. பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு. தாய்ப்பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு. முடிவை டாக்டரோடு உட்கார்ந்து எடுங்கள். நான் அந்த வருடம் ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். அந்த ஆறு மாதத்தில் என் மகள் குப்புற விழுந்ததும் தவழ்ந்ததும் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

உயிரை விட்டுவிடலாம் என்றோ, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ ஒரு நினைப்பு வந்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கமே வராமல் மனசு தறிகெட்டு ஓடினால், இல்லாத குரல் கேட்டால், அன்றைக்கே, அந்த மணியிலேயே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

கேள்வி: நான் சோர்ந்து இருக்கும் நாட்களில் ஆறு வயது மகனிடம் கத்திவிடுகிறேன். இரண்டு நிமிடத்தில் குற்ற உணர்ச்சி வந்து இன்னும் சோர்ந்துபோகிறேன். என் முகத்தைப் பார்த்தே வளர்கிறான். அவன் மனசு கெட்டுவிடுமா? (வாசகி, 37 வயது)

பதில்: குழந்தைகள் முகத்தைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. எட்வர்ட் ட்ரோனிக் என்ற ஆய்வாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாயைச் சட்டென்று சில நிமிடம் முகத்தை அசைக்காமல் வைத்திருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். பலரும் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிட்டுத் தாய்மாரைப் பயமுறுத்துகிறார்கள். அது எனக்கு மனவருத்தம் தருகிற விஷயம். ஏனென்றால் அடுத்த பகுதிதான் முக்கியம்: தாய் மறுபடி முகம் மலர்ந்து பேசினால் குழந்தை மெல்லத் திரும்பி வரும். சாதாரண, நல்ல உறவிலேயே தாயும் குழந்தையும் ஒருவருக்கொருவர் பொருந்திப்போவது ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான் என்றும் அவரே கண்டார். மீதி நேரமெல்லாம் தவறுவதும் சரிசெய்வதுமாகப் போகிறது. அந்தச் சரிசெய்வதில்தான் குழந்தை நம்பிக்கையைக் கற்றுக்கொள்கிறது.

அதனால் கத்திய பிறகு என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். அவன் உயரத்துக்குக் குனிந்து, “நான் கத்தினது தப்பு. எனக்கு இன்னைக்கு மனசு சரியில்ல. அது உன்னால இல்ல” என்று சொல்லுங்கள். கடைசி வார்த்தைகளை விட்டுவிடாதீர்கள். ஆறு வயதில் வீட்டில் நடப்பதெல்லாம் தன்னால்தான் என்று நினைக்கிற பிள்ளைகள் நிறைய. ‘ஆனால் நீயும்தான்’ என்று வால் சேர்க்க வேண்டாம். அழுதுகொண்டே அவனிடம் ஆறுதல் தேடவும் வேண்டாம், அது அவன் சுமக்கக்கூடியது அல்ல. கோபம் தலைக்கேறும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்தாறு முறையில் படபடப்பு கொஞ்சம் இறங்கும். சாப்பிடாமல் வேலை பார்க்கிற நாட்களில்தான் அதிகம் கத்துகிறீர்களா என்றும் கவனியுங்கள். என்னிடம் வரும் தாய்மாரில் பலருக்கு அப்படித்தான் இருக்கிறது.

கேள்வி: மனசு லேசாக ‘இயற்கை மூலிகை’ மாத்திரை என்று ஒன்றை இணையத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். இயற்கைதானே, பயமில்லாமல் சாப்பிடலாமா? (வாசகி, 29 வயது)

பதில்: டப்பாவில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லேசான மனச்சோர்வுக்கு அது சிலருக்கு உதவும்தான். ஆனால் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்தான அளவுக்கு உடம்பைப் படுத்தலாம். வேறு பல மருந்துகளோடும் மோதும். நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தோடும் அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டும்வரை திறக்க வேண்டாம்.

கேள்வி: குழந்தைக்கு ஐந்து மாதம். மனைவி நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் எதிலும் பிடிப்பில்லை, எல்லாவற்றுக்கும் எரிச்சல் வருகிறது. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். பெற்றவள் அவள், எனக்கு எப்படி இது வரும்? (வாசகர், 34 வயது)

பதில்: வரும், தம்பி. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், தந்தையரில் சுமார் 10 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறப்பை ஒட்டிய காலத்தில் மனச்சோர்வு இருந்தது. ஆண்களிடம் அது அழுகையாக வராமல் எரிச்சலாகவும், விலகிப்போவதாகவும், போனுக்குள் புதைந்துகொள்வதாகவும் வரும். அதனால் வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை, உங்களுக்கே தெரிவதில்லை. நீங்கள் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய விஷயம்.

முதல் கேள்விக்குச் சொன்ன தூக்கமும் காலை வெளிச்சமும் டாக்டரும் உங்களுக்கும் பொருந்தும். அதோடு மது பழக்கம் இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தூங்க வைக்கிற மாதிரி இருக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்து மறுநாள் மனசை இன்னும் கீழே இறக்கும். குழந்தை விஷயத்தில் ஏதாவது ஒன்றை முழுக்க உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவது என்றால் தினமும் நீங்கள்தான் குளிப்பாட்ட வேண்டும், யாரும் மேற்பார்வை பார்க்கக் கூடாது. முதல் வாரம் சோப்பு நுரையில் கை வழுக்குமோ என்று பயமாக இருக்கும். தலையையும் கழுத்தையும் முன்கையில் தாங்கி, தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் வழுக்காது. பத்தாம் நாள் வாக்கில், தண்ணீர் வயிற்றில் பட்டதும் குழந்தை காலை உதைத்துக்கொண்டு உங்கள் முகத்தைத் தேடும்.

இன்று சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் மனைவிக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: “கீழே இருக்கேன். பத்து நிமிஷத்துல வர்றேன். மனசு சரியில்ல, வந்து சொல்றேன்.”