ஆன்டிபாடி நெகட்டிவ் என்றால் நோய் இல்லையா?

தசைகள் எளிதில் சோர்ந்து தளரும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை குறித்துச் சேலம் வட்டாரத்தினர் கேட்ட கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவரின் பதில்கள்.

செவ்வாய்ப்பேட்டை: வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். காலையில் ஒரு தொந்தரவும் இல்லை. மாலையானால் இடது இமை இறங்கிவிடுகிறது, பற்றவைக்கும் வளையம் இரண்டாகத் தெரிகிறது. ஏ.சி.எச்.ஆர். ஆன்டிபாடி நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?

இருக்காதீர்கள். நரம்பு அனுப்பும் அசிடைல்கோலினைத் தசையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்குவதுதான் இந்த நோய். அப்படித் தாக்கும் எதிர்ப்புப் புரதம்தான் ஏ.சி.எச்.ஆர். (அசிடைல்கோலின் ஏற்பி) ஆன்டிபாடி. அது, உடல் முழுதும் நோய் பரவியவர்களில் சுமார் 85 சதவீதம் பேரிடம் அகப்படும். உங்களைப் போல் கண்ணோடு நிற்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் அகப்படும். மீதிப் பேருக்கும் நோய் உண்டு, ரிப்போர்ட்டில் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்து, நரம்பும் தசையும் சேரும் இடத்தில் உள்ள வேறொரு புரதத்தைத் தாக்கும் மஸ்க் ஆன்டிபாடி பார்க்க வேண்டும். அது 2001-இல்தான் கண்டறியப்பட்டது. நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டித் தசையின் சோர்வை அளக்கும் ஆர்.என்.எஸ். சோதனையும் தேவை. அதுவும் கண்ணோடு நிற்பவர்களுக்குப் பல நேரம் சரியாகவே வரும். அப்போது, மெல்லிய ஊசியால் தசை நார்களின் மின்துடிப்பை அளக்கும் ஒற்றை நார் ஈ.எம்.ஜி. உதவும். மருத்துவர் முன்னிலையில், மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்து எடுத்தால் இமை சற்று உயர்கிறதா என்று பார்ப்பது செலவில்லாத நல்ல சோதனை. மாலையில் இறங்கும் இமையை அன்றாடம் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். காலை பத்து மணிக்கு மருத்துவரிடம் போனால் உங்கள் கண் நன்றாகத்தானே இருக்கும்!

விழுங்கும்போது புரையேறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

நாகலூர், ஏற்காடு: இந்தச் சோதனையில் பாம்பு விஷம் கலக்கிறார்களாமே?

உண்மைதான், ஆனால் சோதனைக் குழாயில். உங்கள் உடம்பில் அல்ல. தைவானிலும் தென்சீனாவிலும் வாழும் ஒரு கட்டுவிரியனின் விஷத்தில் ஆல்ஃபா பங்கரோடாக்சின் என்ற புரதம் இருக்கிறது. அது அசிடைல்கோலின் ஏற்பியைப் பிடித்தால் எளிதில் விடாது. அதில் கதிரியக்க அயோடினை ஏற்றி, ஏற்பியோடு ஒட்டவைத்து, அதன்மேல் உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை விடுவார்கள். உங்கள் ஆன்டிபாடி எவ்வளவு ஏற்பியைப் பிடித்துக்கொண்டது என்பதைக் கதிரியக்கத்தை எண்ணிக் கணக்கிடுவார்கள். பல லேப்களில் இப்போது கதிரியக்கம் இல்லாமல் நிற மாற்றத்தை வைத்து அளக்கும் எலைசா முறையும் உண்டு. எந்த முறை என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். இரு முறைகளின் எண்களை ஒப்பிடக் கூடாது.

நம் ஊர்க் கட்டுவிரியன் கடித்தாலும் இமை தொங்கும். இரவில் தரையில் படுத்தவருக்கு விடியலில் திடீரென இமை இறங்கினால், கடிவாய் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

சூரமங்கலம்: வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டுமா? தசைப் பலத்துக்குச் சாப்பிடும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

இரண்டும் வேண்டாம்.

ஓமலூர்: ஆன்டிபாடி எண் 12-இலிருந்து 4 ஆகிவிட்டது. ஸ்டீராய்டை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். ஒருவருடைய எண்ணும் அவருடைய நோயின் கடுமையும் ஒன்றாகப் போவதில்லை.

ஆத்தூர்: ஓமலூர்க்காரருக்கு நானும் சொல்கிறேன். என் எண் 0.9 தான், வென்டிலேட்டர் வரை போனேன். என் மச்சானுக்கு 30, சைக்கிள் மிதிக்கிறார்.

ஓமலூர்: அப்படியானால் இத்தனை ஆயிரம் செலவழித்து எதற்குப் பார்க்க வேண்டும்?

நோயை உறுதிப்படுத்தவும், எந்த வகை என்று பிரிக்கவும். மஸ்க் வகைக்குப் பைரிடோஸ்டிக்மின் பெரும்பாலும் சரியாக உதவாது. எதிர்ப்பாற்றலை அடக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து நன்றாகக் கேட்கும். ஏ.சி.எச்.ஆர். வகையில், நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியை எடுப்பது பலருக்குப் பயன் தரும் என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிகிச்சையின் பாதையே இப்படி மாறுகிறது, அதற்குத்தான் அந்தப் பணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணைப் பார்ப்பதைத்தான் வீண் என்கிறேன். ஆத்தூர்க்காரர் சொன்னதை இரண்டு முறை படியுங்கள். படி ஏற முடிகிறதா, சோற்றை முழுதாக மெல்ல முடிகிறதா: மாத்திரையைக் குறைப்பதை இவற்றைப் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். திடீரென நிறுத்தினால் ஆபத்து.

மேட்டூர்: எனக்கும் நெகட்டிவ். நோய் இல்லைதானே?

செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

எடப்பாடி: நெகட்டிவ் வந்தால் சி.டி. ஸ்கேன் வேண்டாம் அல்லவா?

நெகட்டிவ் பற்றி இனி விளக்கமாட்டேன். நோய் உறுதியானால் நெஞ்சு ஸ்கேன் வேண்டும். தைமஸ் கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

அம்மாபேட்டை: எனக்குப் பாசிட்டிவ். ஏழு மாத கர்ப்பம். குழந்தைக்கும் வருமா?

அம்மா, பயப்பட வேண்டாம், ஆனால் ஏற்பாடு வேண்டும். உங்கள் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். சில குழந்தைகளுக்கு மட்டும் பிறந்த முதல் சில நாட்களில் அழுகை மெலிந்து, பால் உறிஞ்சச் சிரமமாக இருக்கும். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி கரைந்ததும் சில வாரங்களில் சரியாகிவிடும். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரியில் பிரசவம் பாருங்கள். ரத்த அழுத்தம் கூடினால் போடும் மக்னீசியம் ஊசி உங்களுக்கு ஆபத்தானது. சிப்ரோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் அப்படியே. இந்தப் பெயர்களை ஒரு தாளில் தமிழில் எழுதி, பிரசவ ஃபைலின் முதல் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அதன் நகலொன்று உங்கள் வீட்டுக்காரர் சட்டைப் பையிலும் இருக்கட்டும்.