ஒரே நாவல் இரண்டு முறை ஏறிவிட்டால்

வணக்கம். படித்த புத்தகங்களைப் பதிந்து மதிப்புரை எழுதும் தளமான குட்ரீட்ஸில் ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று என இருமுறை கணக்கில் ஏறிவிட்டது, சேலம் நண்பர்களின் கருத்துகள் வேறு பக்கத்தில் இருக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றை அந்தத் தளத்தில் உள்ள உங்கள் அலமாரியிலிருந்து, அதாவது புத்தகப் பட்டியலிலிருந்து, நீக்குங்கள். அதற்கு முன் அதில் எழுதிய மதிப்புரையை நகலெடுத்து வையுங்கள், நீக்கினால் அதுவும் போய்விடும். அப்புறம் அங்கு புத்தகப் பதிவுகளைத் திருத்தும் நூலகர் குழுவில் இரண்டு பதிப்புகளையும் இணைக்கச் சொல்லுங்கள். பின்னட்டையில் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும் ஐஎஸ்பிஎன் (புத்தகப் பதிப்பின் அடையாள எண்) இருந்தால் கொடுங்கள். 1960களின் பழைய பதிப்பென்றால் அது இருக்காது. பதிப்பகமும் ஆண்டும் சொல்லுங்கள்.

நண்பர்களோடு நாவலைப் பற்றிப் பேசும்போது பக்க எண் வேண்டாம், அத்தியாய எண்ணே நல்லது. ஏற்காட்டில் நாங்கள் கூடியபோது மூவர் கையிலும் மூன்று பதிப்பு. ஒரு பத்தியைத் தேடியே அரை மணி நேரம் போனது.