ஒரே மேட்ச்ல சாம்பியனா?

சார்,
விம்பிள்டனோட பழைய லேடீஸ் சாம்பியன்களைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். ஆனா அப்ப சேலஞ்ச் ரவுண்டுன்னு ஒண்ணு இருந்துச்சே, போன வருஷம் ஜெயிச்சவங்க மத்தவங்கல்லாம் முட்டி மோதி முடிக்கிற வரைக்கும் சும்மா உக்காந்திருந்துட்டு கடைசியா ஒரே ஒரு மேட்ச் ஆடினா போதும். அந்தக் கப்பை இன்னைக்கு 7 மேட்ச் ஆடி வாங்குற கப்போட எப்படி சேத்து எண்றது?
- ஒரு வாசகர்

வணக்கம்,
கேக்க வேண்டிய கேள்விதான். டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸோட 7 டைட்டில்ல 3 அப்படி வந்ததுதான். போட்டி போட ஆளும் கம்மி, 1884ல முதல் தடவை லேடீஸ் சிங்கிள்ஸ் வச்சப்ப 13 பேர், 1890ல வெறும் 4 பேர்.

ஆனா எல்லாரையும் அதே கணக்குல தள்ளிடாதீங்க. பிளான்ச் பிங்லி 6 தடவை ஜெயிச்சாங்க, அதுல 1900 மட்டும்தான் உக்காந்திருந்து ஆடினது, மிச்சம் 5 வருஷமும் மத்தவங்களோட சேந்து முதல்லேர்ந்து ஆடித்தான் வந்தாங்க. இதை யாருமே சொல்றதில்லைங்கிறது எனக்கு பெரிய ஆதங்கம்.

அப்புறம், உக்காந்திருக்கிறது எப்பவும் சலுகைதான்னு நான் ஒத்துக்க மாட்டேன். 1919 எடுத்துக்கோங்க. போர்னால 4 வருஷம் விம்பிள்டனே நடக்கல, 1914 சாம்பியன் சேம்பர்ஸுக்கு இப்ப 40 வயசு, ரெண்டு குழந்தைங்களுக்கு அம்மா, கணுக்கால் வரைக்கும் பாவாடை, முழுக்கை சட்டை. அந்தத் தடவை அவங்களுக்கு அதுதான் முதல் மேட்சே. எதிர்ல 20 வயசு சூசான் லெங்லென், ரவுண்டு ரவுண்டா ஜெயிச்சு அந்தப் புல்லுல கால் நல்லா பழகி வந்த பொண்ணு. மூணாவது செட்ல 1-4ன்னு பின்னாடி இருந்து ஏறி வந்து 6-5, 40-15, சேம்பர்ஸ் கையில ரெண்டு மேட்ச் பாயிண்ட், அதாவது இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தா கப்பு அவங்களுக்குத்தான். அவங்க தூக்கிப் போட்ட லாபுக்கு லெங்லென் எட்டி ராக்கெட்டை நீட்ட, பந்து கட்டையில பட்டு நெட் மேல உரசி இந்தப் பக்கம் செத்து விழுந்துச்சு. கடைசியில 10-8, 4-6, 9-7ன்னு லெங்லென் ஜெயிச்சாங்க, மொத்தம் 44 கேம்!

அடுத்த வருஷம் சேம்பர்ஸுக்கு அந்த சலுகையும் இல்ல. 41 வயசுல முதல்லேர்ந்து ஆடி, அமெரிக்காவோட மோல்லா மல்லரி, எலிசபெத் ரயான் ரெண்டு பேரையும் தோக்கடிச்சு திரும்பவும் லெங்லென் முன்னாடி போய் நின்னாங்க. தோத்தாங்க, 6-3, 6-0. இருந்தாலும் நீங்க கேட்ட அந்த முழு டோர்னமெண்ட், அதை அந்த வயசுல ஆடிக் காட்டினாங்க.