ஆட்சியில இருக்குறவங்க ஏன் பாட்டைத் தடை பண்றாங்க?

பாட்டு வரிக்குப் பயந்துதான் தடை பண்றாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, எனக்கு அது பாதிதான் சரின்னு தோணுது. 1967ல கிரீஸ்ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சப்போ மிகிஸ் தியோடராகிஸ் இசையமைச்ச எதையும் வாசிக்கவும் கூடாது கேக்கவும் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. வரியே இல்லாத இசைக்கும் சேர்த்துத்தான் அந்தத் தடை, ஏன்னா அவர் இடதுசாரி, அவ்வளவுதான். எமர்ஜென்சி சமயத்துல 1976ல கிஷோர் குமார் அரசாங்கத்தோட பிரச்சார நிகழ்ச்சிக்கு வர முடியாதுன்னு சொன்னதும் வானொலி, தூர்தர்ஷன் ரெண்டுலயும் அவர் பாட்டை நிறுத்திட்டாங்க. பெரும்பாலும் காதல் பாட்டுங்க, அதுல என்ன அரசியல் இருக்கு? பணியாதவனுக்கு என்ன ஆகும்னு மத்த கலைஞர்களுக்குக் காட்டணும், அதான் விஷயம்.

இன்னொண்ணு, இதெல்லாம் நடக்கணும்னா பாட்டு ஜனங்ககிட்ட போற வழி அரசாங்கம் கையில இருக்கணும். நிறவெறி ஆட்சி நடந்தப்போ தென்னாப்பிரிக்காவுல அரசு வானொலியோட லைப்ரரியில இருந்த ரெக்கார்டுகள்ல வேண்டாத பாட்டை மட்டும் கூரான ஆணி மாதிரி எதையாவது வச்சுக் கீறி வச்சிருந்தாங்க, தெரியாம எடுத்துப் போட்டாக்கூட ஓடக் கூடாதுன்னு. இதைப் படிச்சப்போ எனக்கு வந்த கோபம் இன்னும் போகல. சோவியத்துல ஜனங்க பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ல தடை பண்ண பாட்டைப் பதிஞ்சு ரகசியமா கைமாத்திக்கிட்டாங்க, அப்புறம் கேசட் வந்துச்சு, வீட்டுக்கு வீடு காப்பி போட முடிஞ்சதும் எந்த அரசாங்கத்துக்கும் பாட்டை முழுசா அடக்குறது கஷ்டமாயிடுச்சு.

இப்போ இன்டர்நெட் இருக்கே, யாரு தடுக்க முடியும்னு கேப்பீங்க. எல்லாரும் நாலஞ்சு கம்பெனியோட ஆப்லதான் பாட்டு கேக்குறோம், அதனால வழி மறுபடியும் குறுகிப்போச்சுன்னுதான் நான் சொல்வேன். 2024 மே மாசம் ஹாங்காங் கோர்ட் ஒரு போராட்டப் பாட்டுக்குத் தடை போட்டுச்சு, உடனே யூட்யூப் அந்தப் பாட்டோட 32 வீடியோவை அங்க பாக்க முடியாதபடி பண்ணிடுச்சு. வீடு வீடா போய் ரெக்கார்டைத் தேடவேண்டிய வேலையே இல்ல, ஆர்டர் காப்பி போனா போதும். அதனால ஒரு பாட்டைத் தடை பண்ணாங்கன்னு கேள்விப்பட்டா, அதுல என்ன வரி இருக்குன்னு பாக்குறதோட நிறுத்தாதீங்க, யார் சொன்னதும் எந்தக் கம்பெனி எடுத்துச்சு, உத்தரவை வெளியில காட்டுனாங்களா, பாடுனவங்களுக்கு மேல்முறையீடு பண்ண வழி இருந்துச்சான்னும் கேளுங்க.