ரெசிடென்ஸ் ஐடி ஹெச்.ஆர். ஆபீஸில், பாஸ்போர்ட் காலாவதிக்கு ஏழு மாதம்: எத்தியோப்பியாவில் இருக்கும் கணவரை வரச் சொல்லலாமா?

கேள்வி: பென்னாகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன் ஐயா. என் வீட்டுக்காரர் எம்.இ. மெக்கானிக்கல். தருமபுரி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இருந்தார். சம்பளம் மாதக்கணக்கில் நின்றுபோனதால் நான்கு வருடம் முன்பு எத்தியோப்பியாவுக்குப் போனார். அம்ஹாரா மாநிலத்தில் அரசுப் பல்கலைக்கழகம். அங்கே சண்டை, அடிக்கடி நெட் இல்லை. போன மாதம் ஆறு நாள் குரலே கேட்கவில்லை. அங்கே தங்குவதற்கான ரெசிடென்ஸ் ஐடியைப் புதுப்பிக்கப் பல்கலைக்கழக ஹெச்.ஆர். ஆபீஸில் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் வரவில்லையாம். பாஸ்போர்ட்டுக்கு ஏழு மாதம்தான் இருக்கிறது. இங்கே வீட்டுக் கடன் ஓடுகிறது. அவர் பெயரில் உள்ள மனை விஷயமாகக் கையெழுத்து தேவை. பையன் பத்தாவது. மாமியார் வீட்டில் உடனே வரச் சொல்கிறார்கள். அவரோ ஒப்பந்தம் முடியட்டும் என்கிறார். வந்துவிடச் சொல்லலாமா?

பதில்:

சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது கடைசி வரியில் இருக்கிறது. ஆனால் நடுவில், போகிற போக்கில், ஐடி மூன்று மாதமாக ஆபீஸில் கிடக்கிறது என்றும் பாஸ்போர்ட்டுக்கு ஏழு மாதம்தான் என்றும் எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பயம் தருவது அதுதான். அவர் இன்றைக்கே கிளம்ப நினைத்தாலும் கையில் ஐடி இல்லாமல் எப்படிக் கிளம்புவார்?

அதனால் என் பதில் இது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். காகிதங்களை அவர் கைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு லீவில் வரட்டும். திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்யலாம். ஒரே விதிவிலக்கு, அவர் இருக்கும் ஊருக்குள்ளேயே சண்டை வந்தாலோ, இந்தியத் தூதரகம் கிளம்பச் சொன்னாலோ, ஒப்பந்தம், சம்பளம் எதையும் பார்க்க வேண்டாம். அன்றே கிளம்ப வேண்டும்.

நான் அந்த நாட்டில் ஒன்பது வருடம் பாடம் நடத்தியவன். 2016 அக்டோபரில் ஒருமுறை, 2018 பிப்ரவரியில் பிரதமர் பதவி விலகியபோது மறுபடி ஒருமுறை என்று இரண்டு அவசரநிலைகளை அங்கே இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு 2020 நவம்பரில் வடக்கே டிக்ராய் மாநிலத்தில் போர் தொடங்கி, 2022 நவம்பர் 2-ஆம் தேதி பிரிட்டோரியாவில் ஒப்பந்தம் ஆகும்வரை இரண்டு வருடம் ஓடியது. அது அடங்கிய ஒரு வருடத்துக்குள், 2023 ஆகஸ்டில், அம்ஹாராவில் ஃபானோ ஆயுதக் குழுக்களுக்கும் ராணுவத்துக்கும் மோதல் முற்றி அங்கேயும் அவசரநிலை வந்தது. அப்போது அந்த மாநிலத்து ஊர்களான பஹிர் தார், கோண்டாருக்குப் போகும் விமானங்கள்கூடச் சில நாள் நின்றன. இத்தனையிலும் நான் பார்த்தவரை, வெளிநாட்டு ஆசிரியர்களை மாட்டிவிட்டது துப்பாக்கி இல்லை. நெட் போகும், பாங்க் மூடும், ஆபீஸ் திறக்காது, சாலையில் சோதனைச் சாவடியில் ஐடி கேட்பார்கள். அப்போது ஐடி யார் மேஜை டிராயரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பக்கத்து நாடான சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று கார்ட்டூம் நகரத்துக்குள் சண்டை வெடித்தது. வெளிநாட்டு விசாவுக்காகத் தூதரகங்களில் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்த சூடான்காரர்கள் பலர் அப்படியே மாட்டிக்கொண்டார்கள். தூதரக அதிகாரிகள் கட்டடத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிட, பாஸ்போர்ட் உள்ளே நின்றுவிட்டது. ஊரைவிட்டுப் போக ஆசையும் பணமும் இருந்தும் புத்தகம் கையில் இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் விஷயம். ஐடி தாமதமாவதற்கு ஹெச்.ஆர். ஆபீஸின் மெத்தனம்தான் காரணம் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு வேறு சந்தேகம். பாஸ்போர்ட் காலாவதி நெருங்கினால் அதைத் தாண்டிய தேதிக்கு ரெசிடென்ஸ் கொடுக்க எந்த நாட்டுக் குடிவரவு அலுவலகமும் தயங்கும். ஆறு மாதத்துக்குக் கீழே போய்விட்டால், லீவில் வந்து எத்தியோப்பியாவுக்குத் திரும்பும்போது விமானத்தில் ஏற்றவே யோசிப்பார்கள். ஆகவே முதலில் பாஸ்போர்ட், அதன் பிறகு ஐடி. இந்த வரிசை மாறினால், பழைய பாஸ்போர்ட் எண்ணில் ஐடி வாங்கிவிட்டு, புதிய எண்ணுக்கு மாற்ற மறுபடியும் நடக்க வேண்டும்.

காலாவதிக்கு ஒரு வருடம் இருக்கும்போதே இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கலாம். ஏழு மாதம் என்றால் ஏற்கனவே தகுதி வந்துவிட்டது. தலைநகர் அடிஸ் அபாபாவில் உள்ள நம் தூதரகத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பென்னாகரம் முகவரி விசாரணைக்குக் காவல் நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு ஆள் வரலாம். அவர் வெளிநாட்டில் இருப்பதைச் சொல்லி நகல்களைக் காட்டுங்கள், மிரள வேண்டாம். பழைய பாஸ்போர்ட்டை ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். அதில்தான் விசா ஒட்டியிருக்கும் என்பதால் புதியதோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டையும் பல்கலைக்கழகம் வாங்கி வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். 1967-ஆம் வருடப் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. விசா வேலைக்கு இரண்டு நாள் கொடுக்கலாம். பீரோவில் பூட்டி வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

ஐடி வரும்வரை கையில் ஒரு கடிதம் கொடுத்திருப்பார்கள், "புதுப்பித்தலில் உள்ளது" என்று அம்ஹாரிக் மொழியில். அதில் உள்ள தேதியைத்தான் நீங்கள் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். எத்தியோப்பியக் காலண்டர் நம் காலண்டர் இல்லை. பதின்மூன்று மாதம், வருடம் ஏழு எட்டு பின்னால். புத்தாண்டு செப்டம்பர் 11, சில வருடம் 12.

2018-இல் என் கையிலும் அப்படி ஒரு கடிதம் இருந்தது. 30/10/2010 வரை செல்லும் என்று தேதி. வருடம் எட்டு குறைவு என்பது எனக்குத் தெரியும். 2010 என்றால் 2018, ஆக அக்டோபர் 30 வரை கவலையில்லை என்று இருந்துவிட்டேன். ஆகஸ்டில் விடுமுறைக்குக் கிளம்பி அடிஸ் விமான நிலையத்தில் கவுண்டருக்குப் போனால், அந்தப் பெண் அதிகாரி கடிதத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த நாள்காட்டியில் விரல் வைத்துக் காட்டினார். அவர்களுடைய பத்தாவது மாதம் அக்டோபர் இல்லை, சேனே. சேனே 30 என்றால் நமக்கு ஜூலை 7. ஒரு மாதத்துக்கு மேல் அனுமதி இல்லாமல் தங்கியிருக்கிறேன். விமானம் போய்விட்டது. பெட்டியோடு வெளியே வந்து, நான்கு நாள் லாட்ஜில் தங்கி, குடிவரவு அலுவலகத்துக்கு அலைந்து, நாள் கணக்கில் டாலரில் அபராதம் கட்டிய பிறகுதான் ஊர் வந்தேன். அந்த நான்கு நாளும் நாடு அமைதியாக இருந்தது என்பதால் அதோடு போனது.

அவர்களுடைய பட்ஜெட் வருடம் சேனே 30-இல் முடிந்து, மறுநாள் ஹம்லே 1-இல் புதிதாகத் தொடங்குகிறது. அதனால் ஒப்பந்தம், அனுமதிக் கடிதம் என்று பல காகிதங்கள் அந்தத் தேதியில் முடியும். உங்கள் வீட்டுக்காரரிடம் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தேதியை உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டு நம் தேதியாக மாற்றி, அதை உங்கள் வீட்டு தினசரிக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். கடிகாரமும் அப்படித்தான். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. பஸ் "12 மணிக்கு" என்றால் விடியற்காலை ஆறு. நண்பகல் என்று நினைத்துப் போய் நின்றால் பஸ் இருக்காது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்குப் பத்தாவது தேறாதவர்கள் வேலைக்குப் போனால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் போக வேண்டும். அதில் அவர்கள் பெயர் பதிவாகும். எத்தியோப்பியா அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் வீட்டுக்காரரோ எம்.இ. படித்தவர். ஆகவே அவர் அங்கே இருப்பது அந்த வழியாக நம் அரசுக் கணக்கில் ஏறியிருக்காது. அவராகவே தூதரகத்தில் பெயர், ஊர், கைபேசி எண், உங்கள் எண் எல்லாம் பதிய வேண்டும். செய்துவிட்டாரா என்று கேளுங்கள். "எல்லாம் பாத்துக்கலாம்" என்றால் செய்யவில்லை என்று அர்த்தம்.

அரசு விமானம் அனுப்பிக் கூட்டி வந்துவிடும் என்று மாமியார் வீட்டில் நினைக்கலாம். வரும், ஆனால் வீட்டு வாசலுக்கு வராது. 2022-இல் உக்ரைன் போரில் சிக்கிய நம் மாணவர்கள் போலந்து, ருமேனியா, ஹங்கேரி எல்லை வரை தாங்களாகப் போய்ச் சேர வேண்டியிருந்தது. சூடானில் நம் அரசு நடத்திய 'ஆபரேஷன் காவேரி' மீட்பில் கார்ட்டூமிலிருந்து போர்ட் சூடான் வரை 800 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஜெட்டாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே அவர் அடிஸ் அபாபா வரை எப்படி வருவார் என்பதை இப்போதே யோசித்து வைக்க வேண்டும். அவர் பஹிர் தார், கோண்டார் பக்கம் இருந்தால், சாலை அபாய் (நீல நைல்) பள்ளத்தாக்கில் இறங்கி ஏறுகிறது. நம் தொப்பூர் கணவாயைப் போலப் பல மடங்கு, ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அமைதியான நாளிலேயே மனசு கனக்கும் வழி. கலவர நாளில் அதை நினைக்கவே வேண்டாம். உள்நாட்டு விமானம் ஓடும் நாளில், டிக்கெட் விலை பார்க்காமல் ஏறிவிட வேண்டும். அதற்கான பணம் தனியாக, ரொக்கமாக, அறையில் இருக்கட்டும். பாங்க் மூடினால் ஏடிஎம்மும் இருக்காது. அடிஸில் ஓரிரு நாள் தங்க இடம் கொடுக்கும் நம்மவர் ஒருவர் பெயரும் எண்ணும் உங்களிடமும் இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகம் அவசரச் சான்று ஒன்று கொடுக்கும். அது இந்தியாவுக்குள் வர ஒருமுறைக்கான சீட்டு மட்டுமே. அந்த நாட்டைவிட்டு வெளியேற அவர்கள் அனுமதி தனியாக வேண்டும், அதற்கு அவர் முறைப்படி இருந்தார் என்று காட்ட வேண்டும். எனவே பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, ஐடியின் இரு பக்கம், ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் உங்கள் பீரோவில் ஒரு கவரில் இருக்கட்டும், கைபேசியிலும் இருக்கட்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையும் அதில் சேர்த்தி. எத்தியோப்பியாவிலிருந்து வருபவரிடம் அந்த அட்டை இல்லாவிட்டால் இங்கே விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். அவசரத்தில் சட்டை மறந்தாலும் பரவாயில்லை, மஞ்சள் அட்டை மறக்கக் கூடாது.

பட்டச் சான்றிதழ்களின் அசல் அங்கே இருந்தால் அடுத்த லீவில் ஊருக்குக் கொண்டுவந்துவிடட்டும். பணி அனுபவக் கடிதத்தை இப்போதே வாங்கச் சொல்லுங்கள். வேலையை விடும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், நூலகம், ஸ்டோர், துறை என்று கிளியரன்ஸ் கையெழுத்துக்கு ஆள் இல்லாமல் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். இங்கே வந்து வேலை தேடும்போது அந்த நான்கு வருடத்தை எதைக் காட்டி நிரூபிப்பது?

மனை விஷயத்துக்கு அவர் வர வேண்டியதில்லை. உங்கள் பெயருக்குப் பவர் எழுதி, தூதரக அதிகாரி முன்பு கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். பொதுப் பவர் வேண்டாம். எந்த சர்வே எண், என்ன வேலை என்று குறிப்பிட்ட பவர் போதும். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். கூரியர் கவரைக் கிழித்துப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. பாஸ்போர்ட்டுக்காக அடிஸ் போகும் அதே பயணத்தில் பவரையும் முடித்துவிட்டால் இரண்டு அலைச்சல் ஒன்றாகும்.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை. 2024 ஜூலை 29 அன்று எத்தியோப்பியாவின் பிர் நாணயத்தின் மாற்று விகிதத்தைச் சந்தைக்கு விட்டார்கள். டாலருக்கு 57 பிர் என்று இருந்தது சில வாரங்களில் 100-ஐத் தாண்டியது. பிர்ராகச் சேர்த்து வைக்காமல், முறைப்படி அனுப்ப முடிந்ததை மாதாமாதம் அனுப்பிவிடட்டும். ஒப்பந்தம் முடியும்வரை இருந்தால் இத்தனை லட்சம் என்று அவர் போட்டிருக்கும் கணக்கை இன்றைய விகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபடியும் நாள்கணக்கில் பேச்சு நின்றுபோனால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். நெட் போனால் வாட்ஸ்அப்தான் முதலில் நிற்கும். சாதாரண போன் கால் சில சமயம் கிடைக்கும், அதை முயலுங்கள். மூன்று நாள் தாண்டினால் வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் பாஸ்போர்ட் எண்ணோடு புகார் பதியுங்கள். திங்கள்கிழமை தருமபுரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுங்கள். அங்கிருந்து சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறைக்குப் போகும். இரண்டிலும் நகலும் பதிவு எண்ணும் கேட்டு வாங்குங்கள்.

நம்மைவிட அவர்களுக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இன்று ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் அங்கே ஏழு. சாப்பிட்டுவிட்டு அறையில் இருப்பார். வருகிறாரா இல்லையா என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த அம்ஹாரிக் கடிதத்தை எடுத்துவந்து தேதியைப் படிக்கச் சொல்லுங்கள்.