வண்ணத் திட்டுகளுக்கு அடியில்

கேள்வி: கோலாலம்பூரில் இடைநிலைப்பள்ளி ஒன்றில் புவியியல் கற்பிக்கிறேன். சமஉயரக் கோடுகளை மாணவர்கள் எளிதாகப் படித்துவிடுகிறார்கள். நிலவியல் வரைபடத்தை விரித்தால் மட்டும் பாறை வகைகளைக் காட்டும் வண்ணத் திட்டுகளைப் பார்த்துத் திகைக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? (ஆசிரியை, செந்தூல்)

பதில்: படிப்பதற்கு முன் வரையச் சொல்லுங்கள். வண்ணக் குறிவிளக்கத்தை மனப்பாடம் செய்வதில் தொடங்கும் வகுப்புகளில் மாணவர்கள் நிறங்களின் பெயரைக் கற்கிறார்களே தவிர, பாறையை அல்ல.

முதல் பாடத்திற்குப் பல நிற அடுக்குகள் கொண்ட குவே லாப்பிஸ் பலகாரம் ஒன்று போதும். அதைத் தட்டில் சற்றுச் சாய்த்து வைத்து, மேற்பரப்பைக் கத்தியால் மட்டமாகச் சீவியபின், குறுக்கே ஒரு பள்ளத்தாக்கையும் வெட்டி, மேலிருந்து தெரியும் நிறக்கோடுகளைத் தாளில் வரையச் செய்யுங்கள். பள்ளத்தாக்கைக் கடக்கும் இடத்தில் கோடு ஆங்கில 'வி' எழுத்தைப் போல வளையும். அதன் முனை பெரும்பாலும் படுகை, அதாவது பாறை அடுக்கு, சாயும் திசையைக் காட்டும். சாய்க்காமல் வைத்து வெட்டினால் அதே கோடு சமஉயரக் கோட்டை ஒட்டியே ஓடும். தங்கள் மாணவர்களுக்குப் பழக்கமான கோடுகள் இங்கேதான் துணைக்கு வருகின்றன.

அடுத்து, நம் நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துமலையில் ஓங்கி நிற்கும் சுண்ணாம்புக்கல், 40 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதே கல் நகரின் பல பகுதிகளில் ஆற்று வண்டலுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. வெள்ளீயம் தோண்டியவர்கள் அகற்றியது அந்த வண்டலைத்தான். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாறையின் எல்லையைத் துளைக் கிணறுகளையும் சுரங்கக் குழிகளையும் கொண்டு ஊகித்தே வரைகிறார்கள். ஆகவே நேரில் கண்ட எல்லைக்கு முழுக்கோடு, தோராயமானதற்கு விட்டுவிட்டு வரும் கோடு, மறைந்திருப்பதற்குப் புள்ளிக்கோடு என்ற வழக்கத்தை வண்ணங்களுக்கு முன்பே கற்பியுங்கள். மறைந்த பாறையின் எல்லைக்கோடு எவ்வளவு முக்கியமானது என்பதற்குப் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களே சான்று: முதலில் தேர்ந்த இடத்தின் ஒரு பாதியில் குகைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் இருந்ததால், கட்டடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தினார்கள்.

படுகைகளின் சாய்வை அளக்கப் பத்துமலை ஏற்றதல்ல. அங்குள்ள கல் பெரிதும் பளிங்காக மாறிவிட்டதால் படுகைகள் எளிதில் தெரியா. மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கியுள்ள, நம் நகரிலேயே உள்ள கென்னி ஹில் பாறைத்தொகுதியின் வெட்டுச்சரிவுகளில் அடுக்குகள் நன்றாகத் தெரியும். பாகைமானியில் நூலும் சிறு எடையும் கட்டினால் சாய்வுமானி தயார். உதிரும் சரிவின் அடியில் மாணவர்களை நிறுத்தாதீர்கள். தொலைவில் நின்று கையை நீட்டி, பாகைமானியின் விளிம்பைப் படுகைக்கு இணையாகப் பிடித்தாலே கோணம் ஓரளவு கிடைக்கும்.

மதிப்பெண் இடும்போது ஒன்றில் உறுதியாக இருங்கள். தாள் முழுவதும் அழகாக வண்ணம் தீட்டி, எல்லா எல்லைகளையும் முழுக்கோடாக வரைந்த மாணவரைவிட, பாறையைக் கண்ட நான்கு இடங்களை மட்டும் மையால் குறித்து, இடைவெளிகளை விட்டுவிட்டு வரும் கோட்டால் இணைத்து, ஓரிடத்தில் கேள்விக்குறியும் இட்ட மாணவருக்கே கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.