கேள்வி கேட்கும் முறை யாருக்கு?

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர்:

"எங்கள் தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் ஞாயிறு மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பொது அறிவுப் போட்டி நடத்துகிறோம். வென்றவரே அடுத்த வாரம் கேள்வி தயாரிக்க வேண்டும் என்பது விதி. இப்போது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் தம்பி ஒருவனும் மாறி மாறி வெல்கிறார்கள். கேட்பதும் அவர்களேதான். மற்றவர்கள் வருவது குறைந்துவிட்டது. போன வாரம் 'இலங்கைக்குத் தேயிலை வந்த ஆண்டு எது?' என்று தம்பி கேட்டான். 1824 என்றார் ஆசிரியர். இல்லை, 1867 என்றான் அவன். பேச்சு முற்றிப் போட்டி பாதியில் நின்றது. யார் சொன்னது சரி? இதை எப்படிச் சீர்படுத்துவது? என் சின்னம்மாவும் வருவார். அவரைக் கேட்கச் சொன்னால் 'எனக்கு என்ன தெரியும்' என்று ஒதுங்கிவிடுகிறார்."

முதலில் வழக்கைத் தீர்த்துவிடுகிறேன். இரண்டு பேர் சொன்னதும் சரி, கேள்விதான் பிழை. 1824இல் சீனாவிலிருந்து வந்த தேயிலைச் செடியைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் நட்டார்கள். அது விற்பனைக்காக நட்டதல்ல. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் வணிகப் பயிராகத் தேயிலையை வைத்தது 1867இல். 'வந்த ஆண்டு' என்று கேட்டால் ஆசிரியர் பக்கம் நியாயம் சாய்கிறது, 'பயிரிட்ட ஆண்டு' என்றால் தம்பி பக்கம். ஒரு சொல்லில் கவனம் இல்லாததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகியிருக்கிறது.

கேள்வி தயாரிக்கிறவர் எழுதி முடித்ததும் எதிர்க்கட்சி வக்கீலாக மாறி அதை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். இதற்கு வேறு விடை சொல்ல வழியிருக்கிறதா? விடை இடையில் மாறியிருக்கிறதா? கஸகஸ்தானின் தலைநகரம் 2019இல் நூர்சுல்தான் ஆனது, 2022இல் மறுபடியும் அஸ்தானா ஆனது. இடைப்பட்ட காலத்தில் அச்சான பொது அறிவுப் புத்தகத்தை நம்பிக் கேட்டால் அடுத்த சண்டை தயார்.

ஆனால் உங்கள் கூட்டத்தின் உண்மையான சிக்கல் தேயிலை அல்ல. கேட்கிறவர் தனக்குத் தெரிந்ததைக் காட்டுவதற்கு அந்த நாற்காலியில் உட்காருகிறார். எதிரில் இருப்பவர்களுக்கு அரைகுறையாகத் தெரிந்ததை வெளியே இழுப்பதுதான் அவர் வேலை. 'புர்கினா பாசோவின் தலைநகரம் எது?' என்று கேட்டால் வாகடூகு என்று தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் சுவரைப் பார்ப்பார். யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை. 'இலங்கையில் மிக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம் எது?' என்று கேட்டுப் பாருங்கள். பதுளை ரயிலில் போய்வந்த ஒவ்வொருவரும் வாய் திறப்பார்கள். ஒருவர் நானுஓயா என்பார், இன்னொருவர் ஒகியா என்பார். அம்பேவளைக்கும் ஒகியாவுக்கும் இடையில் என்று ஒரு பிடி கொடுத்தால் யாராவது ஒருவர் பட்டிப்பொல என்று கத்துவார். 6,200 அடிக்கும் மேலே இருக்கிற நிலையம் அது. சொன்னவருக்கு அன்று இரவு தூக்கம் நன்றாக வரும்.

அந்தத் தேயிலைக் கேள்வியையே ஆண்டை விட்டுவிட்டு இப்படிக் கேட்டிருக்கலாம்: 'தேயிலைக்கு முன்னால் இந்த மலைகளில் நின்ற பயிர் எது? 1869இல் தலைகாட்டிய இலைநோய் அதை அழித்தது.' கோப்பி என்று கிழவர்கள் முந்திக்கொள்வார்கள். அதோடு நிற்கவும் மாட்டார்கள். கோப்பித் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து, மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடந்து வந்தவர்களின் கதை தொடங்கும். போட்டி கால் மணி நேரம் தாமதமாகும், ஆகட்டும்.

இனி முறை. வென்றவரே கேட்பது என்ற விதியை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். கெட்டிக்காரர்களை மேலும் கெட்டிக்காரர்களாக்கி, மற்றவர்களை வெறும் பார்வையாளர்களாக்குகிற விதி அது. வருகைக் கொப்பியில் பெயர் இருக்கிற வரிசைப்படி கேட்கட்டும், வர முடியாதவர் அடுத்தவரோடு முறையை மாற்றிக்கொள்ளட்டும். வென்றவருக்கு வேறு மரியாதை கொடுங்கள்: அடுத்த வாரம் புள்ளி எழுதும் பொறுப்பு அவருடையது. புள்ளி எழுதுகிறவர் விடை சொல்லக் கூடாது. இதில் கொஞ்சம் தந்திரம் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. உங்கள் இரு சிங்கங்களில் ஒன்று எப்போதும் பேனாவோடு அமைதியாக இருக்கும்.

ஆசிரியரிடம் இதைக் கூட்டத்தில் வைத்துச் சொல்லாதீர்கள். முதல் நாளே வீட்டுக்குப் போங்கள். கேள்விகளை முன்கூட்டியே பார்த்துப் பிழை சொல்ல ஒருவர் வேண்டும், அது நீங்களாக இருந்தால் நல்லது சேர் என்று கேளுங்கள். அவர் பார்க்கிற வாரங்களில் அவரும் போட்டியில் இல்லை. பெரும்பாலும் மகிழ்ந்துதான் ஒப்புக்கொள்வார். தம்பிக்கு இவ்வளவு பக்குவம் தேவையில்லை, நேரே சொல்லலாம்.

சின்னம்மாவுக்கு வருகிறேன். எழுதச் சொன்னதால்தான் அவர் ஒதுங்குகிறார் என்று நினைக்கிறேன். வாயால் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் சொல்வதைப் பாடப்புத்தகத் தமிழாக்கித் திருத்த வேண்டாம். அவர் இப்படிக் கேட்கலாம்: ஸ்டோரிலிருந்து (தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து) ஒரு கிலோ தேயிலைத் தூள் வெளியே வர எத்தனை கிலோ பச்சைக் கொழுந்து உள்ளே போக வேண்டும்? ஏறக்குறைய நாலரை கிலோ. கவ்வாத்து வெட்டாமலே (கிளைகளைக் கத்தரிக்காமலே) விட்டால் இடுப்பளவு நிற்கிற தேயிலைச் செடி என்ன ஆகும்? மரமாகிவிடும். வாகடூகு தெரிந்தவர்கள் இவற்றில் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். முதல் முறை ஐந்து கேள்வி போதும் அவருக்கு.

கைத்தொலைபேசி பற்றி நீங்கள் எழுதவில்லை, அதுவும் சீக்கிரமே வரும். கேள்வி முடிந்து விடை சொல்லும் வரைக்கும் எல்லாத் தொலைபேசிகளும் மேசைமேல் கவிழ்ந்திருக்கட்டும். அன்றைக்குக் கேட்டவர் சொன்னதே தீர்ப்பு, பிழையென்றால் அடுத்த வாரம் ஆதாரத்தோடு வாசித்துத் திருத்தலாம். சிக்னல் கிடைக்கிற ஒரே மூலையில் மட்டும் யாரையும் உட்கார விடாதீர்கள்.